ஓர் அலமாரியின் விலை

மனிதர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆசை. சிலர் அத்தர் சேர்ப்பர். சிலர் புறா வளர்ப்பர். சிலர் பழைய நாணயங்களைத் தேடி ஊர் ஊராய் அலைவர். நம்மைப் பற்றிக்கொண்ட ஆசையோ பழைய மரச் சாமான்களின் மீது. காலொடிந்த நாற்காலி, கதவு தொங்கும் அலமாரி, மூடி பிளந்த பெட்டகம் இவற்றில் ஒன்றைக் கண்டால் போதும். நம் கால்கள் தாமே நின்றுவிடும். வாங்கி வருவோம், துடைப்போம், பிரிப்போம், பூட்டுவோம், மெருகிடுவோம். “வீட்டிலே நடக்க வழியில்லை, இன்னும் ஒரு நொண்டிக் கட்டிலா?” என்று இல்லத்தரசியார் கேளாத மாதமில்லை. அரபு இலக்கணம் கற்பிக்கும் கையில் உப்புத்தாளும் அரக்குத் துணியும் ஏன் என்று வியக்கும் நண்பர்களும் உளர். அவர்களுக்குச் சொல்லும் விடையை இதுவரை சிரித்து மழுப்பியே வந்தோம். இன்று அந்த ஆசையைப் பற்றியும், அது நமக்குக் கற்பித்த ஒரு கடினமான பாடத்தைப் பற்றியும் மறைக்காமல் எழுத முனைகின்றோம்.

தொடக்கம் ஒரு ரிஹாலில். மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்த இளம் பருவத்தில், திருமறையைத் தாங்கும் ரிஹால் ஒன்று நம் கையிலிருந்து நழுவி விழுந்து, ஓர் இதழ் பிளந்துவிட்டது. உஸ்தாத் கோபிக்கவில்லை. “உடைத்தவனே ஒட்டிக்கொண்டு வா” என்றார்கள். ஊரிலிருந்த தச்சரிடம் எடுத்துச் சென்றோம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது இரண்டு பலகை இல்லை, ஒரே பலகை” என்றார். நாம் நம்பவில்லை. அவர் விளக்கினார். ஒற்றைப் பலகையின் கனத்தை ஒரு முனையிலிருந்தும் மறு முனையிலிருந்தும் நடுப்பகுதி வரை இரண்டாக அறுத்து, நடுவில் விரல்களைக் கோத்தாற்போல் குடைந்து விட்டால், ஆணியும் இல்லாமல் கீலும் இல்லாமல் அது கத்தரி போல் விரியும். அன்றாடம் கையாண்ட பொருளுக்குள் இத்தனை அறிவு ஒளிந்திருந்ததை அறியாமலே ஓதியிருக்கிறோமே என்று வெட்கினோம். அந்த வெட்கமே ஆசையாயிற்று.

ஆசைக்கு ஏற்ற மண்ணும் வாய்த்தது. 1948ஆம் ஆண்டு மார்ச் மாதம் வரை தனிச் சமஸ்தானமாய் விளங்கி, 1974ஆம் ஆண்டு சனவரியில் தனி மாவட்டமாகிய புதுக்கோட்டைச் சீமையில், தெற்கே போனால் செட்டிநாடு. கிழக்கே போனால் கடற்கரை. செட்டிநாடு என்றதும் காரைக்குடியும் கானாடுகாத்தானுமே பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் இராயவரம், அரிமளம், நச்சாந்துபட்டி போன்ற செட்டிநாட்டு ஊர்கள் நம் மாவட்டத்திலேயே உள்ளன. அங்குள்ள நகரத்தார் மாளிகைகளுக்குப் பர்மாத் தேக்கு கப்பலேறி வந்தது. தூண், உத்திரம், கதவு, கட்டில், பெட்டகம் என்று எங்கும் தேக்கும் ஈட்டியும் இழைத்தார்கள். கடற்கரைப் பக்கம் மீமிசல், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் ஆகிய ஊர்களிலிருந்து நம்மவர்கள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் இரங்கூனுக்கும் சபர் போனார்கள். திரும்புகையில் அவர்களும் தம்மால் இயன்றதைக் கொண்டு வந்தார்கள்.

பிறகு காலம் மாறியது. 1930களின் பொருளாதார வீழ்ச்சி, 1942இல் ஜப்பானியப் படையெடுப்பு, அதையொட்டி இலட்சக்கணக்கானோர் காடும் மலையும் கடந்து நடந்தே தாயகம் திரும்பிய துயரம், 1960களில் பர்மா அரசு வாணிகங்களை நாட்டுடைமையாக்கியது என்று அடுக்கடுக்காய் வந்த அடிகளில் அந்தச் செல்வத்தின் ஊற்று வற்றியது. வாரிசுகள் பெருகினர், பங்குகள் சிறுத்தன, பெரிய வீடுகளைப் பேண இயலாமல் சில இடிக்கப்பட்டன. தூண் வேறு, நிலை வேறு, கட்டில் வேறு என்று பிரிந்து காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளை அடைந்தன. அந்தத் தெருவில் ஒரு முற்பகல் நடந்தாலே போதும். பல குடும்பங்களின் சரித்திரம் கால் மடக்கி உட்கார்ந்திருப்பதைக் காணலாம். செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014ஆம் ஆண்டு சேர்ந்தன. அதற்குள் எத்தனையோ வீடுகள் தெருவுக்கு வந்துவிட்டிருந்தன.

இந்தக் கலையில் இறங்க விரும்பும் இளைஞர்களுக்குப் பயன்படட்டும் என்று நாம் கற்றவற்றுள் சிலவற்றை இங்கே தருகின்றோம்.

முதலாவது, மரத்தை அறிதல். முகப்பைப் பார்த்து முடிவு கட்டலாகாது. முகப்பு பூச்சுக்கு உரியது. இழுப்பறையை உருவி அதன் அடியைப் பாருங்கள். அலமாரியின் முதுகைப் பாருங்கள். தேக்கு பொன்னிறமும் பழுப்பும் கலந்திருக்கும். சற்றே இழைத்தால் எண்ணெய்ப் பிசுக்கோடு தோல் வாடை வீசும். ஈட்டி, அதாவது தோதகத்தி, கனத்தில் தேக்கை மிஞ்சும். ஈர விரலால் தேய்த்தால் ஊதாவும் கருமையும் கலந்த வரிகள் எழும். பலா மஞ்சளாகத் தொடங்கி ஆண்டுகள் செல்லச் செல்லச் சிவந்து பழுக்கும். இவற்றுள் ஈட்டி அருகிவிட்டது. அதைக் காக்கவென்றே தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டு தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 2017ஆம் ஆண்டு முதல் பன்னாட்டு வணிகத்திலும் அந்த மர இனத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே பழைய ஈட்டிச் சாமான் ஒன்று கிடைப்பது புதையல் கிடைப்பதற்கு ஒப்பாகும். இந்த வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் இதன் கசப்பைச் சொல்வோம்.

இரண்டாவது, பிரித்தலும் பூட்டலும். பழந்தச்சர்கள் இரும்பாணியை நம்பியவர்கள் அல்லர். இரும்பு துருப்பிடிக்கும், துரு ஊறிய மரம் கருகிப் பிளக்கும். அவர்கள் கழுந்தும் துளையும் இணைத்து, மர முளையால் இறுக்கி, வச்சிரப் பசை தடவினார்கள். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் அந்தப் பசைக்கு ஒரு நற்குணம் உண்டு. வெந்நீர்த் துணி வைத்தால் இளகிக் கொடுக்கும். மரத்துக்குக் காயமின்றி மூட்டைக் கழற்றிவிடலாம். இக்காலத்து வெள்ளைப் பசையில் பெரும்பாலானவை அப்படி விடுவதில்லை.

மூன்றாவது, மெருகு. பழைய மெருகு பெரும்பாலும் அவலரக்கு. அரக்குப் பூச்சியின் பிசினைச் சாராவியில் கரைத்து, துணிப்பொதியில் நனைத்து, மெல்லிய படலமாய்ப் பன்முறை தேய்ப்பது. மறைவான மூலையில் ஒரு துளி சாராவி இட்டுப் பாருங்கள், பிசுபிசுத்தால் அரக்கு. இதற்கும் அதே நற்குணம்: ஐம்பது ஆண்டு கழித்தும் சாராவி பட்டால் கரையும், இன்று நாம் செய்த பிழையை நாளை வேறொருவர் திருத்த முடியும். இன்று கடைகளில் அடிக்கும் மெலமைன் பூச்சு கண்ணாடி போல் மின்னும், ஆனால் கரையாது. அதை நீக்க மரத்தையே சுரண்ட வேண்டும். மேலும் இரண்டு எச்சரிக்கைகள். பழைய எனாமல் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். உலர்ந்த தூளாய்த் தேய்க்காமல் ஈரத்தோடு சுரண்டுக. பிள்ளைகளை அருகில் விடற்க. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி மூலையில் எறியற்க; அது தானே சூடேறித் தீப்பற்றும். தண்ணீரில் முக்கியோ விரித்து உலர்த்தியோ வைக்க வேண்டும்.

நான்காவது, எதை விட்டுவைப்பது என்பது. இதுவே யாவற்றினும் பெரிது. ஜெரூசலத்தின் மஸ்ஜிதுல் அக்ஸாவில் இருந்த மிம்பர் மேடை, சுல்தான் நூருத்தீன் ஸங்கீ அவர்களின் ஆணையால் அலெப்போவில் செய்யப்பட்டு, 1187இல் அந்நகரை மீட்ட ஸலாஹுத்தீன் அவர்களால் அங்கே வைக்கப்பட்டது. 1969ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் ஒருவன் இட்ட தீயில் அது எரிந்தது. ஜோர்தான் நாட்டில் கைவினைஞர்கள் பல்லாண்டு முயன்று, ஆயிரக்கணக்கான சிறு மரத் துண்டுகளை ஒன்றோடொன்று கோத்து அதே வடிவில் புதிய மிம்பர் செய்தனர். 2007இல் அது பள்ளியில் நிறுவப்பட்டது. நாம் நினைத்து நினைத்து வியப்பது இதை மட்டுமன்று. அவ்வளவு அழகிய புதியது வந்த பின்னும், தீயில் எஞ்சிய பழைய துண்டுகளை எவரும் குப்பையில் இடவில்லை; அங்குள்ள அருங்காட்சியகத்தில் பேணுகின்றனர். செப்பனிடுவோன் புதுமையை உண்டாக்குபவன் அல்லன். வந்து சேர்ந்ததைக் காப்பவன். இந்தக் கருத்தை நாம் மாணவர்களுக்கும் நண்பர்களுக்கும் பலமுறை சொல்லியிருக்கின்றோம். சொன்னவர் செய்தாரா என்பது இனி வரும் செய்தி.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியலில் கஜா புயல் கரையைக் கடந்தது. அந்த இரவை நம் மாவட்டத்தார் எவரும் மறக்கமாட்டார்கள். தென்னந்தோப்புகள் சீப்பால் வாரியது போல் ஒரே திசையில் சாய்ந்தன. தலைமுறைகள் கண்ட பலாவும் மாவும் வேரோடு பெயர்ந்தன. ஓடு பறந்த வீடுகளில் மக்கள் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் வாழ்ந்தார்கள்.

புயலுக்கு மூன்று மாதங்களுக்குப் பின், நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் வந்தார். கடற்கரைப் பக்கத்துச் சிற்றூரில் ஒரு பெரியம்மா பழைய அலமாரியை விற்க விரும்புவதாகச் சொன்னார். மறுநாளே புறப்பட்டோம்.

கணவரை இழந்த எழுபது வயதுப் பெண்மணி. வீட்டின் பாதிக்கு ஓடு இல்லை. முன்னறையில் நீல நிறத் தார்ப்பாயின் கீழே அந்த அலமாரி நின்றது. பச்சை எனாமல் பூச்சு; ஒரு கதவு கழன்றிருந்தது; அடிச்சட்டம் தண்ணீர் குடித்து ஊதியிருந்தது.

“வாங்க அசரத்து, உக்காருங்க. வீட்டுல ஒழுகாத மூலையே இல்ல. இத எங்க கொண்டுபோயி வைக்கிறது? மகன் விறகுக்கு வெட்டிரலாம்னு சொல்றான். எனக்குத்தான் மனசு வரல. எங்க மாமனார் ரங்கூன்லேர்ந்து திரும்பி வந்தப்புறம், செட்டியார் வீட்டு ஏலத்துல எடுத்ததும்பாங்க. நீங்க ஓதுனவங்க. பாத்துக் கொடுக்கிறதக் கொடுங்க” என்றார்.

நாம் அலமாரியின் பின்புறம் சென்றோம். முதுகுப் பலகைக்குப் பூச்சு இல்லை. விரலை நனைத்துத் தேய்த்தோம். ஊதாவும் கருமையுமாய் வரி எழுந்தது. உள்தட்டைத் தூக்கிப் பார்த்தோம். கனம் கையை இழுத்தது. முழுவதும் ஈட்டி! நெஞ்சு படபடத்தது. முன்பக்கம் வந்தோம். முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

“ஆயிரத்து ஐந்நூறு தரலாம் பெரியம்மா” என்றோம்.

அவர் முகம் மலர்ந்தது. “விறகுக்குப் போட்டா முந்நூறுகூடத் தேறாது. அல்லா உங்களுக்கு பரக்கத் செய்வான்” என்று துஆச் செய்தார். அந்தத் துஆவையும் வாங்கிக்கொண்டு, சிறு வண்டியில் அலமாரியையும் ஏற்றிக்கொண்டு வீடு வந்தோம்.

நமக்கு உதவியாய் ஒரு முதிய ஆசாரியார் உண்டு. நமக்கு எட்டாத நுட்ப வேலைகளை அவர் செய்வார். துடைப்பதும் தேய்ப்பதும் நம் பங்கு. இருவருமாய் ஐந்து மாதம் உழைத்தோம். பச்சைப் பூச்சை ஈரத்தோடு சுரண்டி எடுத்தோம். ஊதிய அடிச்சட்டத்தை அகற்றி, அதே இனத்துப் பழைய மரத்துண்டு தேடிப் பொருத்தினோம். பூச்சு நீங்கிய வேளையில் வலப்புற முன்சட்டத்தில் வரிசையாகச் சில வெட்டுக் கீறல்கள் வெளிப்பட்டன. யாரோ அரிவாளின் கூரைச் சோதித்திருக்கிறார்கள் என்று எண்ணினோம்.

ஆசாரியார் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “ஒரே பக்கமா, படிப்படியா மேல ஏறுது அசரத்து. சும்மா வெட்டினதாத் தெரியல. இருந்துட்டுப் போகட்டுமே” என்றார்.

நாம் கேட்கவில்லை. அவ்வளவு அழகிய சட்டத்தில் வடு இருப்பதா? ஈட்டித் தூளை அரக்கில் குழைத்து ஒவ்வொரு கீறலாய் அடைத்து, தேய்த்து, மெருகிட்டோம். கீறல் இருந்த இடமே தெரியவில்லை. நம் கைத்திறனை நாமே மெச்சிக்கொண்டோம்.

வேலை முடிந்த மாலையில் அலமாரி கருங்குதிரை போல் மின்னியது. ஆசாரியார் சற்று விலகி நின்று பார்த்துவிட்டு, “இன்னிக்குக் காரைக்குடியில கொண்டு வச்சா இருபதாயிரத்துக்குக் கொறையாது. எவ்வளவுக்கு எடுத்தீங்க அசரத்து?” என்று கேட்டார்.

“ஏழாயிரம்” என்றோம்.

நா தானாகச் சொல்லிவிட்டது. கேட்டவர் தலையசைத்துவிட்டுக் கருவிகளை எடுத்துவைக்கலானார். நமக்கோ உள்ளே ஏதோ இடிந்தது. ஏன் பொய் சொன்னோம்? உண்மை விலையை அந்த எளிய தச்சரிடம் சொல்ல ஏன் கூசினோம்? செய்தது நேர்மையானால் கூச்சம் எதற்கு? பாவம் என்பது உள்ளத்தில் உறுத்துவதும் பிறர் அறிவதை நீ வெறுப்பதுமே என்னும் பொருள்பட அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருளியதை எத்தனை முறை பாடம் நடத்தியிருக்கின்றோம்! அந்த நபிமொழியின் பொருள் அன்று மாலைதான் நமக்கு விளங்கிற்று.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. கற்றவனுடைய நஃப்ஸும் கற்றதாகவே இருக்கும். அது கிதாபைத் திறந்து வாதாடத் தொடங்கிற்று. ‘இருவரும் உளமொப்பிச் செய்த வியாபாரம், பொய் சொல்லவில்லை, குறையை மறைக்கவில்லை. விலை குறைந்தது என்பதனால் மட்டும் வியாபாரம் முறியாது என்பதே நீ ஓதிய மஸ்அலா’ என்றது. சட்டப்படி அது சரியே. ஆனால் சந்தைக்கு வரும் வணிகக் கூட்டத்தை, அவர்கள் விலை நிலவரம் அறியுமுன் வழியிலேயே மறித்து வாங்கலாகாது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தது நினைவுக்கு வந்தது. நாம் அந்தப் பெரியம்மாவை, புயலில் கூரையிழந்த வேளையில், வழியில் மறித்தவர் அல்லாமல் வேறு யார்?

அடுத்து ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் செய்தி நினைவில் எழுந்தது. தொழுகை, ஸகாத் ஆகியவற்றோடு, முஸ்லிம் ஒவ்வொருவருக்கும் நலம் நாடுவதாகவும் நபிகளாரிடம் உறுதிமொழி அளித்தவர் அவர். அவருக்காகப் பணியாளர் ஒரு குதிரையை முந்நூறு திர்ஹத்துக்கு விலை பேசி, உரிமையாளரையும் அழைத்து வந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி) அவர்கள், இது அதற்கும் மேல் பெறும் என்று சொல்லி, தாமே நூறு நூறாக உயர்த்தி எண்ணூறு திர்ஹம் கொடுத்து வாங்கினார்கள். தப்ரானீ பதிவு செய்த இந்நிகழ்ச்சியை இமாம் நவவீ அவர்கள் ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையில் எடுத்துக் காட்டுகின்றார்கள். வாங்குகிறவன் விலையை உயர்த்தும் அந்த விந்தைக் காட்சியைச் சுவையாக வருணித்து, மாணவர்களைப் பலமுறை வியக்க வைத்திருக்கின்றோம். நமக்கு ஒரு குதிரை வந்தபோதோ அதன் பல்லைக்கூட எண்ணிப் பார்த்துவிட்டு வாய் மூடி நின்றோம்!

காலையில் காகிதம் எடுத்துக் கணக்கிட்டோம். மதிப்பு இருபதாயிரம். செப்பனிட்ட செலவு நாலாயிரத்து ஐந்நூறு. கொடுத்தது ஆயிரத்து ஐந்நூறு. மீதி பதினாலாயிரம். மத்ரஸா ஆசிரியரின் ஊதியத்தில் அது எளிய தொகையன்று. முதல் தவணையாக இரண்டாயிரத்தை எடுத்துக்கொண்டு கடற்கரை ஊருக்குப் பேருந்தில் ஏறினோம்.

பெரியம்மாவிடம் நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னோம். “நீங்கள் விரும்பினால் அலமாரியையே திருப்பித் தருகிறோம். இல்லையேல் மீதித் தொகையை மாதாமாதம் தந்து முடிக்கிறோம்” என்றோம். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

“அசரத்து, காசு வேணாம்னு சொல்றதுக்கு எனக்கு வசதியில்ல. கொடுங்க, வாங்கிக்கிறேன். அலமாரியத் திருப்பித் தந்தா வைக்க எடமில்ல. அது உங்ககிட்டயே இருக்கட்டும்.” சற்று நிறுத்தி, “ஒண்ணு கேக்கணும். முன்னாடி சட்டத்துல, வலதுபக்கம், கத்திக் கீறலு இருந்துச்சே. அது இருக்கா?” என்றார்.

நமக்கு மூச்சு நின்றது.

அவர் கணவர் மலாயா சபராளி. இரண்டு ஆண்டுக்கோ மூன்று ஆண்டுக்கோ ஒருமுறை ஊருக்கு வருவார். வந்த மறுநாளே பிள்ளைகளை அந்த அலமாரியோடு சேர்த்து நிறுத்தி, தலை மட்டத்தில் பேனாக்கத்தியால் ஒரு கீறல் இடுவார். தாம் இல்லாத நாளில் பிள்ளைகள் எவ்வளவு வளர்ந்தார்கள் என்று விரலால் அளந்து பார்ப்பாராம். மூன்று பிள்ளைகள். பெரியவனுக்கு ஐந்து கீறல், இளையவனுக்கு நான்கு. நடுவில் பிறந்த பெண்ணுக்கு இரண்டு. மூன்றாம் முறை அவர் வந்தபோது அந்தப் பிள்ளை இல்லை, காய்ச்சலில் போய்விட்டது.

“போட்டோ கீட்டோ எடுத்து வைக்கல அசரத்து. அந்த ரெண்டு கீறலுதான்” என்றார்.

அடைத்துவிட்டோம் என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னோம். அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. “அறியாமத்தானே” என்றார். பதினாலாயிரத்தைத் தவணையில் தீர்க்கலாம். இதை எந்தத் தவணையில் தீர்ப்பது?

வீடு திரும்பி ஆசாரியாரை அழைத்தோம். முதலில் ஏழாயிரம் என்றது பொய் என்பதைச் சொன்னோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கீறலின் கதையைச் சொன்னோம். அவர் சட்டத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “அடைச்சது அரக்குலதானே? அப்ப வரும்” என்றார்.

வாசகர்களே! அரக்கு கரையும் என்று மேலே எழுதினோம் அல்லவா? அதை ஒரு தொழில் நுட்பமாகவே அதுவரை அறிந்திருந்தோம். அன்றுதான் அது ஓர் அருட்கொடை என்று உணர்ந்தோம். பஞ்சைச் சாராவியில் நனைத்து அடைப்பின் மேல் வைத்து, இளகும்வரை காத்திருந்து, ஊசிமுனையால் தூளைச் சிறிது சிறிதாக எடுத்தோம். மரத்தில் ஊசி பட்டுவிடலாகாது. பட்டால் அது நாம் இட்ட கீறலாகிவிடும். மூன்று மாலைகள் சென்றன. பதினொரு கீறல்களும் திரும்பின. இரண்டொன்றின் ஓரம் உப்புத்தாளில் சற்று மழுங்கியிருந்தது. அதை மீட்க வழியில்லை. அந்த அளவு நம் கணக்கில் நிற்கிறது. சட்டத்தின் மற்றப் பகுதி மின்ன, அந்த வரிசை மட்டும் மெருகின்றி இருக்கிறது. பார்ப்பவர்கள், “இங்கே மட்டும் விட்டுவிட்டீர்களே” என்பார்கள். “ஆம், விட்டுவிட்டோம்” என்போம்.

ஏழு மாதங்களில் தொகை தீர்ந்தது. கடைசித் தவணையைக் கொடுத்த அன்று பெரியம்மாவை வீட்டுக்கு அழைத்தோம். பேரனின் கைபிடித்து வந்தார். நம் கிதாபுகள் நிறைந்திருந்த அலமாரியின் முன் நின்று, கண்ணாடியைக் கழற்றிவிட்டு விரலால் தேடினார். “இது பெரியவன்… இதுவும் பெரியவன்… இது சின்னவன்…” என்று வந்த விரல், இடுப்பளவுக்கும் கீழே இருந்த இரண்டு கீறல்களின் மேல் நின்றது. நம் இல்லத்தரசியார் தேநீர் கொண்டு வந்து, வைக்கவும் மனமின்றி, கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்கள். பெரியம்மா ஏதும் சொல்லவில்லை. தேநீர் அருந்தினார், பேரனிடம் “ஸலாம் சொல்லு” என்றார், விடைபெற்றார்.

அதன் பிறகு நாம் ஒரு விதியை ஏற்றுக்கொண்டோம். ஒரு வீட்டில் பொருள் வாங்கச் சென்றால், விலை பேசுமுன் அது இன்ன மரம், சந்தையில் இன்ன விலை பெறும், செப்பனிட இவ்வளவு ஆகும் என்று நாமே சொல்லிவிடுவது. அடுத்து, அந்தப் பொருளின் கதையைக் கேட்டுக்கொள்வது. இதன் விளைவாகப் பலர் விற்பதில்லை. “அவ்வளவு பெறுமானதா? அப்படியானால் நாங்களே வைத்துக்கொள்கிறோம்” என்று கதவுக்குள் எடுத்துக்கொள்வார்கள். சிலர் எப்படித் துடைப்பது என்று கேட்டுக்கொள்வார்கள். சொல்லிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவோம். நம் வீட்டில் நடக்க வழி உண்டாகியிருக்கிறது, இல்லத்தரசியாருக்கு மகிழ்ச்சி. நம் மாவட்டத்தில் அடுப்புக்குப் போகவிருந்த சில பெட்டகங்களும் கட்டில்களும் தத்தம் வீடுகளிலேயே தங்கிவிட்டன, நமக்கும் மகிழ்ச்சி.

முதியோர் உள்ள இல்லத்தாருக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டு மூலையில் நொண்டிக்கொண்டிருக்கும் பழைய பெட்டியையோ தொட்டிலையோ விற்குமுன், வீட்டில் மூத்தவரை அழைத்து அதன் அருகே உட்கார வையுங்கள். இது எங்கிருந்து வந்தது, யார் செய்தது, இந்த வடு எதனால் என்று கேளுங்கள். மரத்தை அறிந்தவர் ஒருவரிடம் காட்டி அதன் பெறுமதியையும் தெரிந்துகொள்ளுங்கள். நூறாண்டு கடந்த கைவினைப் பொருளாயின், அது 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் எல்லைக்குள் வரக்கூடும். தனியார் எவரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப உரிமையில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அதன் பின்னும் விற்கத்தான் வேண்டுமென்றால் விற்றுக்கொள்ளுங்கள். அறிந்து விற்பதில் வருத்தமில்லை.

அந்த அலமாரி என்ன விலைக்கு வந்தது என்று இன்றும் நண்பர்கள் கேட்கிறார்கள். பதினைந்தாயிரத்து ஐந்நூறு என்று சொல்கின்றோம். இப்போது நா கூசுவதில்லை.

வாங்கும்போதும் விற்கும்போதும் பிறர் நலம் நாடும் உள்ளத்தை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.